ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் அளவு மாறுகிறது

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் இந்தக் கோளாறு ஐப்பசி மழை பிடித்த பிறகு தொடங்கியது. மேலே மூடி திறக்கிற வகை, முழுத் தானியங்கி. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் விழ ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தண்ணீர் அளவைக் காட்டும் விளக்கு ஒரு படி ஏறியது. மறுபடி அழுத்தினால் இன்னொரு படி. கட்டைவிரலை நன்றாக ஊன்றி அழுத்தினால் சில வேளைகளில் ஒழுங்காக ஓடும். காலையில் தொல்லை அதிகம், வெயில் ஏறினால் குறையும். சில இரவுகளில் யாரும் தொடாமலேயே ஒரு ‘பீப்’ ஒலி வரும்.

சர்வீஸுக்கு வந்த இளைஞர் நல்ல பிள்ளை. செருப்பை வாசலில் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றார். பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். “போர்டு போய்விட்டது மேடம், மாற்றித்தான் ஆக வேண்டும்” என்றார். மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான் போர்டு என்றார். ஆறாயிரத்துக்கும் மேல் ஒரு தொகை சொன்னார். மெஷினின் முகப்பில் மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. போர்டு அதில் சேராது.

“எந்த இடத்தில் பழுது என்று பார்த்தீர்களா, தம்பி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பார்ப்பதில்லை மேடம். புது போர்டைப் போட்டுப் பார்ப்போம். சரியாகிவிட்டால் போர்டுதான் என்று அர்த்தம்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளில் அவர் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் ஏராளம். அவர் பையில் இருப்பது ஸ்க்ரூடிரைவரும் கைப்பேசியும்தான். உதிரிப் பாகம் என்று அவருக்குக் கிடைப்பதே முழு போர்டு. ஐந்து ரூபாய்ப் பொருள் ஒன்று கெட்டிருந்தாலும் அதை மட்டும் மாற்ற அவருக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் நான் பாலிடெக்னிக் கல்லூரியின் மின்னணுவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மீட்டரை வைக்காமல் எந்தச் சுற்றையும் பற்றிப் பேசக்கூடாது என்று மாணவர்களைக் கண்டித்த வாயால், அளக்காத தீர்ப்புக்குத் தலையாட்ட என்னால் முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

யோசிப்பது என்றால் எதில் தொடங்குவது? எது வேலை செய்யவில்லை என்பதைவிட, எது வேலை செய்கிறது என்பதில்தான். விளக்குகள் எரிகின்றன. ஆகவே மின்வழங்கி நலம். பொத்தானுக்கு ஒலி எழுகிறது, விளக்கு ஒழுங்கான வரிசையில் நகர்கிறது. ஆகவே போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் சிப் விழிப்புடன்தான் இருக்கிறது. ஊன்றி அழுத்தி ஒருமுறை ஓடவிட்டால் தண்ணீர் நிரம்புகிறது, அலசுகிறது, வடிகிறது, பிழிகிறது. வால்வையும் வடிகால் மோட்டாரையும் பெரிய மோட்டாரையும் இயக்குகிற மின்னணு ஸ்விட்சுகளான ட்ரையாக்குகள் அத்தனையும் நலம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மிஞ்சியது ஒன்றே ஒன்று. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை போர்டு தவறாகப் படிக்கிறது.

ஒரு பொத்தான் எப்படி இன்னொரு பொத்தானாகத் தெரிய முடியும்? இந்தக் கோளாறிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொத்தானுக்கு ஒரு கம்பி என்று கொடுத்தால் மைக்ரோகண்ட்ரோலரின் கால்கள் போதாது. அதனால் பல போர்டுகளில் நான்கைந்து பொத்தான்களை ஒரே காலில் இணைத்துவிடுகிறார்கள். அந்தக் கால் 5 வோல்ட்டுடன் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு அளவு ரெசிஸ்டர் வழியாக அந்தக் காலைத் தரைக்கு, அதாவது 0 வோல்ட் புள்ளிக்கு, இழுக்கும். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அதற்கேற்ற ஒரு வோல்டேஜ் அங்கே உண்டாகும். அந்த வோல்டேஜை அளந்துதான் மைக்ரோகண்ட்ரோலர் பொத்தானை அடையாளம் காண்கிறது.

என் போர்டின் கணக்கைப் பிறகு அதைத் திறந்தபோதுதான் பார்த்து எழுதிக்கொண்டேன். ஸ்டார்ட் பொத்தானுக்கு ரெசிஸ்டரே கிடையாது, நேராகத் தரை. அழுத்தினால் 0 வோல்ட். தண்ணீர் அளவுப் பொத்தானுக்கு 2.2 கிலோ ஓம். அழுத்தினால் 5 வோல்ட்டில் 12.2க்கு 2.2 பங்கு, அதாவது 0.9 வோல்ட். இப்போது ஸ்டார்ட் ஸ்விட்சின் உள்தகடு களிம்பேறி, அதற்குள்ளேயே 2 கிலோ ஓம் தடை முளைத்துவிட்டது என்று வையுங்கள். 12க்கு 2 பங்கு, 0.83 வோல்ட். மைக்ரோகண்ட்ரோலர் அதைப் பார்த்து, இது தண்ணீர் அளவுப் பொத்தான் என்று முடிவு செய்கிறது. அதன் கணக்கில் பிழையே இல்லை. ஊன்றி அழுத்தினால் தகடுகள் சற்று நன்றாகத் தொட்டுக்கொள்ளும், தடை இறங்கும், ஸ்டார்ட் சரியாகப் படிக்கப்படும். இரவில் தானாக வந்த ஒலிக்கும் விடை இங்கேயே இருக்கிறது. அழுக்கும் ஈரமும் சேர்ந்து, அழுத்தாத ஸ்விட்ச் வழியாகவே கொஞ்சம் மின்சாரம் கசியும். போர்டுக்கு அதுவும் யாரோ விரல் வைத்தது போலத்தான்.

உள்ளே இருக்கிற ஸ்விட்ச் 6 மில்லிமீட்டர் சதுரத்தில், நான்கு கால்களுடன் இருக்கும். கடையில் ‘டாக்ட் ஸ்விட்ச்’ என்றால் கொடுப்பார்கள். புதிதாக இருக்கும்போது அதன் தொடுதடை பத்தில் ஒரு ஓமைத் தாண்டக்கூடாது. ஒரு லட்சம் அழுத்தங்கள் தாங்கும் என்று பொதுவாகத் தரக்குறிப்பில் போடுகிறார்கள். ஒரு வீட்டில் அத்தனை முறை யாரும் துவைப்பதில்லை. ஆக ஸ்விட்ச் தேய்ந்து கெடவில்லை. நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு நடக்கிற தூரத்தில். மெஷின் நிற்பது பின்பக்கத் திறந்த பால்கனியில். உப்புக் காற்று, சோப்புத் தூள், ஈரக்கை மூன்றும் சந்திக்கிற இடம் அந்தப் பொத்தான்தான். சோப்புத் தூளில் சலவைச் சோடா இருக்கிறது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளில், அடிக்கடி அழுத்துகிற இடத்தில் முடி போன்ற ஒரு விரிசல் விழும், அதன் வழியே இவையெல்லாம் உள்ளே இறங்கும். ஸ்டார்ட் பொத்தானுக்கு மேலேதான் எங்கள் தாளும் வெடித்திருந்தது. மற்ற பொத்தான்களுக்கு மேல் தாள் முழுசாக இருந்தது.

இதுவரை எதையும் திறக்கவில்லை. இனிமேல் திறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வாஷிங் மெஷின் போர்டில் 5 வோல்ட்தானே என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. ட்ரையாக்குகளை மைக்ரோகண்ட்ரோலரே நேராகத் தூண்டுவதற்காக, இந்த போர்டுகள் பலவற்றில் அந்த 5 வோல்ட் சுற்று வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கிறது. கைப்பேசி சார்ஜரில் இருப்பதைப் போன்ற பிரிப்பு இதில் இருக்காது. அந்தக் கம்பி ஃபேஸாக இருந்தால், அல்லது பிளக் பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி அது ஃபேஸாகிவிட்டால், போர்டின் ‘தரை’ என்று நாம் நினைக்கிற புள்ளியே எர்த்துக்கு எதிராக 230 வோல்ட்டில் நிற்கும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் அதுதான். சில நிமிடங்கள் விட்டு, மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நான் செய்த எல்லா அளவையும் பிளக் வெளியே கிடக்கும்போது எடுத்த ஓம் அளவுகள்தான். இந்தக் கோளாறுக்கு மின்சாரத்தோடு அளக்க வேண்டிய தேவையே இல்லை. மல்டிமீட்டர் பிடித்துப் பழகாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு, தெரிந்தவரை அழையுங்கள்.

முகப்புப் பலகை பின்பக்கம் இரண்டு திருகுகளில் நிற்கிறது. அவற்றைக் கழற்றி முன்பக்கம் தூக்கினால் அடியில் போர்டு. வயர் செருகிகளைக் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு செருகிக்கும் ஒரு சிறு பூட்டுநாக்கு உண்டு. அதை அழுத்தாமல் இழுத்தால் போர்டிலுள்ள உலோக ஊசிகளோடு பெயர்ந்து வரும்.

இந்த போர்டை வெறுமனே பார்க்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து அதன் மேல் பாலியூரித்தேன் ரெசினை ஊற்றிவிட்டிருக்கிறார்கள். இளநுங்கு போல வழவழவென்று, ஒளி ஊடுருவக் கிடக்கிறது. தண்ணீர் புகாமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்விட்சுகளின் தலை மட்டும் ரெசினுக்கு வெளியே நீட்டியிருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அழுத்த முடியாது. ஆக போர்டு முழுவதற்கும் காவல் இருக்கிறது, ஈரம் நேராக விழுகிற இடத்துக்கு மட்டும் காவல் இல்லை.

மல்டிமீட்டர் முனைகள் தடிமன். இரண்டு தையல் ஊசிகளைச் செம்புக் கம்பியால் அவற்றோடு இறுக்கிக் கட்டி, ஸ்விட்சின் இரு பக்கமும் ரெசினுக்குள் இறக்கினேன். காலைத் தொட்டதும் மீட்டர் பேசியது. மற்ற பொத்தான்களை அழுத்தியபோது ஒரு ஓமுக்கும் கீழே, அசையாமல். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபோது ஒன்றரை கிலோ ஓமுக்கும் மூன்று கிலோ ஓமுக்கும் இடையே எண்கள் ஆடின. விரலைச் சற்று உருட்டினால் திடீரென்று பத்து ஓமுக்கு இறங்கும், மறுபடி ஏறும். ஊகித்தது கண்முன்னே நின்றது. மேசையருகில் நின்ற என் மருமகளைக் கூப்பிட்டு, அவள் விரலாலேயே அழுத்தச் சொல்லி, எண் ஆடுவதைக் காட்டினேன். “இதற்காகவா அத்தை முழு போர்டு?” என்று கேட்டாள். இதற்காகத்தான்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடந்துவிடலாம். டாக்ட் ஸ்விட்சில் கவனிக்க வேண்டியது உயரம். அடி ஒன்றேதான், ஆனால் தலையின் உயரம் பலவிதம். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பொத்தான் எட்டாது, கூடினால் எப்போதும் அழுந்தியே இருக்கும். பழையதை வெளியே எடுப்பதற்கு முன்பே ஸ்கேலால் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போவது நல்லது. கடைக்காரர் ஒன்றிரண்டு விற்க மாட்டார், ஒரு சிறு பொட்டலமாகத்தான் தருவார். அதன் விலையைக் கேட்டால், சர்வீஸில் சொன்ன தொகை நினைவுக்கு வந்து நெஞ்சு எரியும்.

மாற்றுவதில்தான் பொறுமை வேண்டும். ஸ்விட்சின் கால்கள் ஈயம் வைத்திருப்பது போர்டின் அடிப்பக்கம், தட்டை ஒட்டி ரெசினுக்குள். ஸ்விட்சுகளுக்கு நேர் பின்னால் தட்டின் அடியில் மெல்லிய ரம்பத் தகட்டால் ஒரு ஜன்னல் வெட்டினேன். ஆழம் போகாமல், பிளாஸ்டிக்கின் கனம் மட்டும். அதன் கீழே தெரிந்த ரெசினை மரக்குச்சியாலும் மழுங்கிய கத்தியாலும் துண்டு துண்டாகப் பெயர்த்தேன். மென்மையான ரெசின் ஒத்துழைக்கும். சால்டரிங் கருவியின் சூட்டால் அதை உருக்கி எடுக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூடாது. பாலியூரித்தேன் சூடேறினால் வெளிவரும் புகையில் ஐசோசயனேட்டுகள் இருக்கும், மூச்சுக்குழாய்க்குப் பெருங்கேடு. குளிர்ந்த நிலையிலேயே முழுசாக நீக்கிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பிறகுதான் ஈயத்தைத் தொட வேண்டும். ரெசினை நீக்கியபோதுதான் 222 என்று பொறித்த சிறு ரெசிஸ்டர் கண்ணில் பட்டது. 22க்குப் பின்னால் இரண்டு சுழி, 2200 ஓம்.

நான்கு கால்களிலிருந்தும் ஈயத்தை உறிஞ்சி எடுத்ததும் ஸ்விட்ச் முன்பக்கம் கழன்று வந்தது. அதைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளி முலாம் பூசிய குமிழ்த்தகடு கறுத்திருந்தது, ஓரத்தில் பச்சைக் களிம்பு. புதியதை வைத்து ஈயம் போட்டேன். ஸ்டார்ட் ஒன்றுதான் கெட்டிருந்தது என்றாலும், பக்கத்திலிருந்த பவர் பொத்தானையும் சேர்த்தே மாற்றினேன். ஜன்னல் வெட்டியாகிவிட்டது, அதே காற்றில்தான் அதுவும் நிற்கிறது. ஊசியை மறுபடி இறக்கி அழுத்தினேன். அரை ஓம், அசையவில்லை. அதில் பெரும்பங்கு ஊசியும் கம்பியும் சேர்ந்தது.

மூடுவதற்குச் சிலிக்கோன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சிலிக்கோன் காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், செம்பைத் தின்னும். கண்ணாடித் தொட்டிக்கும் குளியலறை மூலைக்கும் அது போதும், போர்டுக்கு ஆகாது. நெடி இல்லாத, ‘நியூட்ரல்’ என்று எழுதிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கொண்டு ஜன்னலை அடைத்து, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகே மெஷினில் பொருத்தினேன். விரிசல் விழுந்த முகப்புத் தாளின் மேல் ஒளிபுகும் ஒட்டுத்தாள் ஒன்றைப் பொத்தான் வரிசை முழுக்க ஒட்டிவிட்டேன். ஸ்டார்ட் இப்போது தொட்டாலே ஓடுகிறது. மார்கழிப் பனியிலும் ஓடியது.

எல்லாப் பழுதும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. முகப்பில் தெரிகிற கோளாறு முகப்பில்தான் பிறந்தது என்று நம்பிவிடக்கூடாது என்பதுதான் என் வாதம். தண்ணீர் நிரம்பவில்லை என்று மெஷின் பிழைக்குறி காட்டினால், முதலில் குழாய் செருகும் இடத்திலுள்ள சிறு சல்லடையைப் பாருங்கள். எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீரின் உப்பு அதைக் கல்லாக்கிவிடுகிறது. சல்லடை சுத்தமாக இருந்தால் வால்வின் சுருளை ஓம் மீட்டரால் அளக்கலாம். 230 வோல்ட் வால்வு என்றால் நான்கு கிலோ ஓம் அளவில் காட்டும். எண்ணே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, போர்டுக்கு அதில் பங்கில்லை. மூடி திறந்திருப்பதாகச் சொன்னால் மூடியிலுள்ள காந்தமும் அதன் ஸ்விட்சும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்றுபோனால் அடியில் படுத்துப் பாருங்கள். எலி கடித்த வயரை நானே தெரிந்தவர்கள் வீடுகளில் கண்டிருக்கிறேன். அடிப்பகுதிக்கு வலைத்தகடு போட்டால் அந்தக் கதை முடிந்தது.

விளக்கே எரியாமல் முழுக்கச் செத்துக் கிடந்தால் அது வேறு வகை. கீழ்வீட்டில் நடந்தது அதுதான். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள கட்டடத்தில் நியூட்ரல் அறுந்தால், 230 வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். போர்டின் வாசலில் நிற்கிற வேரிஸ்டர், நீல நிறத்தில் வட்டமாக இருக்குமே, அது தன்னைக் கொடுத்து ஃபியூஸை எரித்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றுகிறது. பெரும்பாலும் 471 என்று எழுதியிருக்கும் அந்த வேரிஸ்டர் 300 வோல்ட் மாறுமின்னோட்டம் வரை பொறுக்கும். வெடித்த வேரிஸ்டரையும் ஃபியூஸையும் மாற்றியதும் கீழ்வீட்டு மெஷின் எழுந்து ஓடியது. வேரிஸ்டரைப் பிய்த்துப்போட்டு, ஃபியூஸுக்குப் பதில் கம்பி கட்டுகிறவர்களிடம் மட்டும் மெஷினைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை எரிவது வீடாக இருக்கலாம்.

போர்டைத் திறந்து சரிசெய்ய முடியும் என்பது தனிமனிதரின் கைத்திறமையாக மட்டும் நின்றுவிடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு வாஷிங் மெஷின் மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் பத்தாண்டுகளுக்கு, மின்சுற்றுப் பலகை உட்பட முக்கிய உதிரிகள் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு வேண்டியது சுற்றுப் படம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ரேடியோ பெட்டியின் பின்மூடியில் சுற்றுப் படம் ஒட்டியிருந்ததை என் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. இன்று அது கிடைத்தால், வீட்டுக்கு வந்த அந்த இளைஞரும் ஊசியை இறக்கி அளந்திருப்பார். அவருக்கு அறிவில் குறைவில்லை.

உங்கள் மெஷினில் இதே கோளாறு இருந்தால், முதலில் ரெசினை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் மேலே சொன்னபடி செய்யலாம். கல் போல் கெட்டியாக இருந்தால் அது எபாக்ஸி. அதோடு வீட்டில் மல்லுக்கட்டினால் போர்டே உடையும். அப்போது போர்டை மட்டும் கழற்றி, போர்டு பழுதுபார்க்கிற கடைகளுக்கு எடுத்துப் போங்கள், ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் காட்டுவார்கள். செருகிகளின் படம் கைப்பேசியில் இருக்கட்டும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது மாறுகிறது, ஊன்றி அழுத்தினால் என்ன ஆகிறது, எந்த நேரத்தில் தொல்லை அதிகம் என்று ஒரு தாளில் எழுதி போர்டோடு சேர்த்துக் கொடுங்கள். முதலில் எந்த ஸ்விட்சை அளக்க வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.